இரண்டாம் பக்கம், பதினோராம் வரி

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
நொத்தாரிசு கந்தோரில்
பதினாறு வருடமாய்த் தட்டெழுதுகிறேன்.
ஒரு உறுதியில் ஏழு தடவை வரும் அந்தச் சொல்:
பின்னுரித்தாளிகள்.
விரல் களைத்து அதற்கொரு குறுக்குவழி வைத்தேன்.
'பி' அடித்து இடைவெளி தட்டினால்
திரையில் ஒரு வம்சம் வந்து விழும்.

பிறக்காதவர்களை இத்தனை வேகமாய்ப் பெற்றவள்
இந்த ஊரில் நான் ஒருத்திதான்.
வீட்டில் அந்த விசை வேலை செய்யவில்லை.
கிளினிக் கொப்பிகள் அலுமாரியில் கிடக்கின்றன.

வியாழக்கிழமை பாண்டிருப்பிலிருந்து வந்தார்கள்
தங்கநேசமும் மகள் தர்மவதனியும்.
நன்கொடை உறுதி.
பதினெட்டரைப் பேர்ச், கல்வீடு, கிணறு,
காய்க்கும் தென்னை ஐந்து, காய்க்காதது ஒன்று.
வடக்கில் ஒழுங்கை. தெற்கில் ஞானசௌந்தரியின் வளவு.
மேற்கில் கான்.
கிழக்கில், பழைய உறுதியில், ஒரு வீடு இருந்தது.
'கடற்கரை எண்டு போடுங்க' என்றா தங்கநேசம்
குரல் மாறாமல்.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான்.
தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு.
ஆண்கள் ஒரு பெட்டியோடு வந்து ஏறுகிறவர்கள்.

ஐயாவின் கைவரைவை வாசித்துக் காட்டினேன்:
'மேற்படி தர்மவதனியும் அவரது பின்னுரித்தாளிகளும்…'
வகுப்பில் போல மகள் கையை உயர்த்தினாள்.
முப்பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரியில்
ஊரின் எலும்பையெல்லாம் படம் எடுக்கிறவள்.
'அந்தச் சொல்ல எடுக்கலாமா அக்கா?
எனக்கு ஆருமில்ல. இனியும் இல்ல.'
ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
'அது சட்டத்துட சொல், தங்கச்சி.
அதுக்கு ஆள் தேவையில்ல.'

தங்கநேசம் என் பக்கம் குனிந்தா.
'பின்… என்ன மனே அது?'
மகள், மகன், பேரன், பேத்தி,
பூட்டப்பிள்ளை, அதுக்குக் கீழ…
அதற்குக் கீழே எனக்குச் சொல் தெரியவில்லை.
'ஓ. மறுகா வாறவங்க.'
'ஓம்.'
'அப்ப இருக்கட்டுமே. மறுகா ஆராவது வருவாங்கதானே.
வயித்தில இருந்துதான் வரணுமெண்டு கிடக்கா?
தங்கச்சிட புள்ள வரலாம். வாடகைக்கு ஒரு ஆள் வரலாம்.
கிணத்தில ஒரு வாளி அள்ள
ஒருத்தி வந்தாலும் காணும்.'

மகள் பதில் சொல்லவில்லை.
பேனை மூடியைக் கழற்றினாள், பூட்டினாள்,
கழற்றினாள்.

கை தன்பாட்டில் போனது.
மூன்று பிரதியும் அச்சாகி முடிய
கரண்ட் போனது.
அப்போதுதான் ஐயா கண்டார்,
மற்ற ஆறு இடமும் சரி, பதினோராம் வரியில் மட்டும்
'தர்மவதனியும் மறுகா வாறவங்களும்.'

ஏசவில்லை. ராகு காலத்துக்கு இருபது நிமிடம் இருந்தது.
பேனையால் ஒரு கோடு. மேலே சரியான சொல்.
தேத்தண்ணிக் கடைக்காரர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு
சாட்சி வைத்தார்.

ஆனால் உறுதியில் வெட்டியதை ஒளிக்க முடியாது.
எதை வெட்டினோம் என்று கடைசிப் பக்கத்தில் எழுதி
நொத்தாரிசு அத்தாட்சி சொல்ல வேண்டும்.
எழுதினார், கவனமாய், மேற்கோள் போட்டு:
இரண்டாம் பக்கம் பதினோராம் வரியில்
"மறுகா வாறவங்களும்" என்ற சொற்கள்
கையொப்பத்துக்கு முன்னரே வெட்டப்பட்டன.

ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்கு.
ஒன்று எங்கள் இரும்பு அலுமாரிக்கு.
ஒன்றைத் தர்மவதனி கைப்பையில் மடித்து வைத்தாள்.
அறுபது வருடம் கழித்து
ஏதோ ஒரு வேலிச் சண்டைக்கு ஆரோ அதைப் பிரிப்பார்கள்.
கோட்டுக்குக் கீழே தாங்கள் இருப்பதை
வாசிப்பார்கள்.

அன்று பின்னேரம் குறுக்குவழியை அழித்தேன்.
இப்போது ஒன்பது எழுத்தையும் தட்டுகிறேன்,
ஒரு உறுதிக்கு ஏழு தடவை.
நேரம் பிடிக்கிறது.
ஐயா ஏன் என்று கேட்கவில்லை.